தலைப்பாகையைப் பற்றித் துரை சொன்னது

கூழ் விற்கிறவளுக்கு ஊரில் நடக்கிறதெல்லாம் தெரியும் என்பார்கள். சுத்தப் பொய். ஊர் பேசுகிறதெல்லாம் தெரியும், அவ்வளவுதான். நடக்கிறது வேறே, பேசுகிறது வேறே. அது புரியாமல்தான் என் வீட்டுக்காரர் ராஜப்பா ஒரு திங்கட்கிழமை வேலையையும் வீட்டையும் ஒரே மூச்சில் தொலைக்கப் பார்த்தார்.

எங்கள் தங்கச் சுரங்கத்துக்குக் கரண்டு விளக்கு வந்து இரண்டாம் வருஷம் அது. ஆண்டர்சன்பேட்டைக்கு மேலே, சோதனைக் கொட்டகைக்கு நேர் எதிரே, புளியமரத்தடியில் என் கூழ்ப்பானை. காலை ஷிப்ட், மத்தியான ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் மூன்றும் என்னிடம் ஒரு கலயம் குடித்துவிட்டுத்தான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பாதாளத்துக்குப் போகும். மேலே வந்ததும் அப்படியே வீட்டுக்குப் போய்விட முடியாது. சோதனைக் கொட்டகைக்குள் நுழைந்து, தலைப்பாகையை அவிழ்த்து உதறி, வாயைத் திறந்து காட்டி, கோவணத்தைத் தளர்த்திக் குனிந்து நிமிர்ந்துவிட்டுத்தான் வரணும். தங்கத்தை ஒளித்துவைத்துக் கொண்டுபோகிறார்களாம். மறுத்தால் வேலைச் சீட்டைக் கிழித்துப் போடுவார்கள். சீட்டுப் போனால் அன்று சாயங்காலமே கம்பெனி கொடுத்த லைன் வீட்டையும் காலி பண்ணணும்.

கோவணத்தைக்கூட என் வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்டார். தலைப்பாகையைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா வேலூரில் எடுத்துக் கொடுத்த சிவப்புத் தலைப்பாகை அது. அதை அவர் கட்டுகிற அழகைப் பார்க்கணுமே! குளித்துவிட்டு வந்து, ஒரு முனையைக் கதவில் செருகி, தான் சுற்றிச் சுற்றி வருவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் கோபம் வரும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பெண்பிள்ளை தலை வாருகிற நேரத்தைவிட அதிக நேரம் ஆகும். அப்படிக் கட்டினதைத் தினமும் கொட்டகையில் உருவி மண்ணில் போட்டால் வயிறு எரியாதா? எனக்கே எரிந்தது. துவைக்கிறவள் நான்.

அந்தச் சமயத்தில்தான் சீமையிலிருந்து ஒரு துரை வந்தார். அங்கே ராஜாவுக்குச் சட்டம் எழுதிக் கொடுக்கிற சபையில் மெம்பராம். மானேஜர் பங்களாவில் தங்கினார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுரங்கத்து வாசலில் மேஜை போட்டு ஏறி நின்று ஏதோ பேசினார். நான் அன்றைக்குக் கேழ்வரகு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

வியாழக்கிழமை விடிந்ததும் ராத்திரி ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். நடந்து வரவில்லை, குதித்துக்கொண்டு வந்தார்.

"மங்கா! கேட்டியா? சீமைத் தொரை சொல்லிட்டாருடி!"

"இன்னான்னு?"

நெஞ்சை நிமிர்த்தி, கையைத் தூக்கி, கச்சேரியில் தீர்ப்புப் படிக்கிறவர் மாதிரி சொன்னார். "'எனக்குத் தங்கம் எடுத்துக் குடுக்கறவன் தலைப்பாவை அவுத்துத்தான் நான் தங்கம் தேடணும்னா, அந்தத் தங்கமே எனக்கு வேணாம்!'"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நல்ல வார்த்தை. ரொம்ப நல்ல வார்த்தை. அதனால்தான் சந்தேகம் வந்தது. துரைமார்கள் அவ்வளவு நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை.

"உன் காதால கேட்டியா?"

"நைட் ஷிப்ட் பூரா இதே பேச்சு. கீழ் லெவல் வரைக்கும் போயிடுச்சு. திங்கட்கெழமை எனக்குக் காலை ஷிப்ட். மேல வந்ததும் அவுக்க மாட்டேன்னு சொல்லப் போறேன். நான்தான் மொதல்ல. எல்லாருக்கும் வாக்குக் குடுத்துட்டேன்."

"இன்னாய்யா, பைத்தியமா உனக்கு? தொரை சொல்லியிருக்கலன்னா?"

"சொல்லாமயா இத்தினி பேரு சொல்றாங்க?"

போச்சு. வாக்குக் கொடுத்தால் இந்த மனுஷன் கழுத்தை அறுத்தாலும் மாற மாட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் பானையும் பாயும் தெருவில் இருக்கிறதை அப்போதே நான் பார்த்துவிட்டேன். அந்த வார்த்தை நிஜமென்றால் சந்தோஷம், நானே போய் அந்தத் துரைக்குத் திருஷ்டி கழிப்பேன். பொய்யென்றால் திங்கட்கிழமைக்குள் அது பொய் என்று தெரிஞ்சாகணும். அன்றைக்கே ஆரம்பித்தேன்.

கூழ் குடிக்க வந்த ஒவ்வொருத்தனையும் பிடித்தேன். "உன் காதால கேட்டியா?" ஒருத்தனும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொருத்தனும் கூட ஒரு பிடி சேர்த்துக் கொடுத்தான். வெற்றிலைக்கடை ரத்தினம்மா, துரை அதைச் சொல்லும்போது அழுதார் என்றாள். இன்னொருத்தன், துரை ஒரு கூலிக்காரனின் தலைப்பாகையை வாங்கித் தன் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டார் என்றான். சாயங்காலம் பக்கத்துப் பாலகாட் சுரங்கத்திலிருந்து வந்த ஆள், துரை மானேஜரைப் பளாரென்று கன்னத்தில் அறைந்தார் என்றான். அன்றைக்கு மானேஜர் குதிரைவண்டியில் என்னைத் தாண்டிப் போனார். எட்டிப் பார்த்தேன். கன்னம் சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கன்னம் எப்போதுமே சிவப்புதான், அதை வைத்து என்ன முடிவுக்கு வருகிறது?

வெள்ளிக்கிழமை ஆபீஸ் ரைட்டர் ஏசுபாதத்தைப் பிடித்தேன். துரை இங்கிலீஷில் பேசினதைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் அவர்தான். நல்ல மனுஷர், ஆனால் குரல் மட்டும் கொசுக் குரல். குடையை விரித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனவரை வழியில் மறித்தேன்.

"சார், தொரை தலைப்பாவைப் பத்திச் சொன்னாரா இல்லையா? கர்த்தர் மேல ஆணையா சொல்லுங்க."

"ஆணையெல்லாம் இட மாட்டேன்மா, அது பாவம். நடந்ததைச் சொல்றேன். வெயில் ஜாஸ்தின்னார். கரண்டு விளக்கு நல்லா எரியுதுன்னார். மானேஜர் வீட்டு வாத்து வறுவல் நல்லா இருந்துச்சுன்னார். அதை நான் தமிழ்ல சொல்லல."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நான் சொன்னதே பாதிப் பேருக்குக் கேக்கல. காத்து."

எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்த் தூங்கிக்கொண்டிருந்த மனுஷனை உலுக்கினேன். எழுந்து உட்கார்ந்து, முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏசுபாதம் ஆபீசு ஆளுடி. மானேஜரு மறைக்கச் சொல்லியிருப்பாரு. அவரு இல்லேங்கறாருன்னா, அது நெசந்தான்!"

இதைவிடக் கொடுமை என்னவென்றால், சாயங்காலத்துக்குள் அதுவே ஊர்ப் பேச்சாகிவிட்டது. 'ரைட்டரே இல்லேன்னு சொல்றாராம்பா. எதுக்குச் சொல்றாரு? இருக்கறதாலதானே!' என்று என் கூழைக் குடித்துக்கொண்டே என்னிடமே சொன்னார்கள். விசாரிக்கப்போய் அதை நானே கெட்டிப்படுத்திவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சரி, காலை ஷிப்ட் ஆட்கள் மேலே வந்த நேரத்தில்தானே துரை பேசினார், அவர்கள் நேரே பார்த்தவர்கள் ஆயிற்றே என்று அவர்களைக் கேட்டேன். எல்லாரும் "ஆமா ஆமா, சொன்னாரு" என்றார்கள். எங்கே நின்றாய், என்ன சட்டை போட்டிருந்தார், எதற்கு அடுத்து இதைச் சொன்னார் என்று குடைந்தால் தலையைச் சொறிந்தார்கள். ஒருத்தனுக்கும் ஒரு எழுத்தும் காதில் விழவில்லை. விழவில்லை என்று சொல்லத்தான் வெட்கம். அத்தனை பெரிய துரை எதிரே நின்று பேசியிருக்கிறார், இவனுக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் மானம் போகாதா?

மத்தியான ஷிப்ட் ஆள் ஒருத்தன்தான் உண்மையைக் கக்கினான். "நாங்க அன்னிக்கு கீழ இருந்தோம்கா. தொரையைப் பாக்கல. ராத்திரி மேல வந்து நேரா கூத்துக்குப் போனோம். அங்க எல்லப்பன் தொரை வேஷம் கட்டிகினு சொன்னானே, அதான் கேட்டேன். வவுறு வலிக்கச் சிரிச்சோம்."

எனக்குப் பொறி தட்டியது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி அம்மன் கோயிலுக்கு முன்னால் கூத்து. எல்லப்பன் எங்கள் சுரங்கத்தில்தான் தள்ளுவண்டி தள்ளுகிறவன். கூத்தில் கோமாளி. ராஜா வேஷம் மேடைக்கு வருவதற்குள் ஊரில் நடந்ததை எல்லாம் கேலி பண்ணுகிறது கோமாளியின் உரிமை. மத்தியானம் வந்த துரையை அன்று ராத்திரியே மேடையில் ஏற்றிவிட்டான். மத்தியான ஷிப்ட் ஆட்கள் மறுநாள் கேஜ் வாசலில் ராத்திரி ஷிப்ட் ஆட்களிடம் "நேத்து தொரை இன்னா சொன்னான் தெரியுமா?" என்று சிரித்தார்கள். ராத்திரி ஷிப்ட் ஆட்கள் துரை பேசின நேரம் தூங்கினார்கள், கூத்து நடந்த நேரம் பூமிக்குள் இருந்தார்கள். துரை வந்தது மட்டும் தெரியும், வேஷம் வந்தது தெரியாது. நிஜம் என்று எடுத்துக்கொண்டு காலை ஷிப்டிடம் சொன்னார்கள். காலை ஷிப்ட் ஆமாம் போட்டது. மூன்று ஷிப்ட் ஓடுகிற ஊரில் எல்லாரும் ஒன்றாகக் கூடி ஒரு விஷயத்தைக் கேட்கிறது என்பதே கிடையாது. ஒருத்தன் விழித்திருந்தால் ஒருத்தன் தூங்குவான், ஒருத்தன் பாதாளத்தில் இருப்பான்.

சனிக்கிழமை எல்லப்பன் வீட்டுக்குப் போனேன். வாசலில் குத்தவைத்துத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"எல்லப்பா, தலைப்பா வசனம் உன்னுதா?"

அவன் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "அக்கா! நீ ஒருத்திதான்கா கேட்ட! என்னுதுக்கா! மேடையில நின்ன எடத்துல வாயில வந்துச்சு. அதுக்கு முன்னால எனக்கே தெரியாது. சனம் அப்படிச் சிரிச்சுது. இப்போ நந்திதுர்க் சொரங்கத்துல சொல்றான், பாலகாட்ல சொல்றான், ஊரு பூரா என் வசனம்! நல்லாத்தான்கா இருக்குது. ஆனா என் பேரை ஒருத்தன் சொல்லல!"

"நீதான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலியா? சொல்லிச் சொல்லி தொண்டையே கட்டிப்போச்சு. மத்தியான ஷிப்ட்காரனே, கூத்துல நேரே கேட்டவனே, 'போடா, தொரை சொன்னதைத்தானே நீ கூத்துல எடுத்து வுட்ட'ங்கறான். நான் தொரையைப் பாத்து ஒப்பிச்ச மாதிரி ஆயிடுச்சு. அவ்ளோ நல்ல வார்த்தை கோமாளி வாயில எப்படி வரும்ங்கறான்கா!"

பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. அடக்கிக்கொண்டு அவன் கையைப் பிடித்து என் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் கதவில் தலைப்பாகை முனையைச் செருகிச் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லப்பன் அதே குரலில், அதே கை வீச்சோடு வசனத்தைச் சொல்லிக் காட்டினான். பிரமாதம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நல்லா நடிக்கறடா" என்றார் என் வீட்டுக்காரர். "தொரை மாதிரியே கீது."

"நடிக்கலண்ணா! நான்தான் சொன்னேன்!"

"சும்மா இரு. மங்கா, நீ யாரை இட்டுகினு வந்தாலும் ஒண்ணும் ஆகாது. தொரை தன் வாயால 'நான் சொல்லல'ன்னு சொல்லட்டும். நம்பறேன். வாக்கை வாபஸ் வாங்கிக்கறேன். போதுமா?"

"போதும்" என்றேன். கோபத்தில் சொல்லிவிட்டேன். கூழ்க்காரி சீமைத் துரையை எங்கே போய்க் கேட்கிறது?

ஆனால் தெய்வம் ஒரு வழி விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியான ரயிலில் துரை ஊருக்குப் போகிறார் என்று ஏசுபாதம் சொன்னார். மாரிக்குப்பம் ஸ்டேஷனில் மாலை போடுகிறார்களாம், துரை பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஏசுபாதமும் போகிறாராம்.

"நான் கேக்கறதை அவருகிட்ட ஒரு தடவை சொல்லிடுங்க சார்."

"ஐயோ, மானேஜர் பக்கத்துல இருப்பாரும்மா."

"உங்களைப் பொய்யன்னு ஊரே சொல்லுது. உங்களுக்கும்தான் தெளியட்டுமே."

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. ஏசுபாதம் குடையை மடக்கி, "வாங்க" என்றார்.

ஸ்டேஷனில் கூட்டமென்றால் கூட்டம். நான் கேட்கப் போகிறேன் என்கிற செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மூன்று ஷிப்டில் கீழே இருந்த ஒன்று போக மற்ற இரண்டும் பிளாட்பாரத்தில். எங்கே பார்த்தாலும் தலைப்பாகை. என் வீட்டுக்காரர் சிவப்புத் தலைப்பாகையோடு முன் வரிசையில். எல்லப்பன் விளக்குக் கம்பத்தில் ஏறித் தொற்றிக்கொண்டிருந்தான். துரை ரயில் பெட்டியின் வாசலில் கழுத்து நிறைய சாமந்தி மாலையோடு நின்றார், தும்மிக்கொண்டே. பக்கத்தில் மானேஜர்.

இடித்துத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். கும்பிட்டேன். "சாமி, ஒரு கேள்வி" என்றேன். ஏசுபாதம் என் கேள்வியை இங்கிலீஷில் சொன்னார். இந்த ஊர் முழுக்க நீங்கள் இப்படிச் சொன்னதாகப் பேசுகிறது, சொன்னீர்களா இல்லையா, உள்ளதைச் சொல்லுங்கள்.

துரை முதலில் புரியாமல் முழித்தார். "இன்னொரு தடவை" என்பது மாதிரி விரலைச் சுழற்றினார். ஏசுபாதம் அந்த வசனத்தை மறுபடி சொன்னார். துரையின் முகம் மெதுவாக மாறினதை நான் கிட்ட நின்று பார்த்தேன். முதலில் புருவம் ஏறியது. அப்புறம் உதடு ஓசையில்லாமல் அசைந்தது, அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டு ருசி பார்க்கிறார். அப்புறம் தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை தலைப்பாகையும் மூச்சுக்கூட விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. துரை தன் தொப்பியைக் கழற்றினார். மார்பில் வைத்துக்கொண்டார். ஏதோ ஒரு வரி சொன்னார்.

ஏசுபாதம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அவர் ஆயுளில் அன்றைக்குத்தான் குரல் உரக்க வந்தது.

"ஆமாம், நான்தான் சொன்னேன்ங்கறார்!"

அடேயப்பா! மாரிக்குப்பம் ஸ்டேஷன் கூரை பறந்துவிடும் என்று நினைத்தேன். தலைப்பாகைகளை அவிழ்த்து வானத்தில் எறிந்தார்கள். யாருடையது யாருக்குப் போனதோ! என் வீட்டுக்காரர் மட்டும் எறியவில்லை, என்னைப் பார்த்து மீசையை முறுக்கினார். மானேஜர் முகம் இப்போது நிஜமாகவே அறை வாங்கின மாதிரி ஆகிவிட்டது. விருந்தாளியைப் பொய்யன் என்று சொல்ல முடியுமா? "நீங்கள் எப்போது சொன்னீர்கள்?" என்று கேட்கத்தான் முடியுமா? அவரும் கை தட்டினார், பாவம். துரை குனிந்து மானேஜர் காதில் என்னவோ சொன்னார். வீட்டில் எல்லோரையும் வேலை வாங்கிப் பழகினவர் மாதிரி அவர் தோளைத் தட்டினார். ரயில் ஊதியது.

அத்தனை கூச்சலுக்கு மேலே ஒரு அலறல். விளக்குக் கம்பத்திலிருந்து. "திருடன்! திருடன்! என் வசனம்! பட்டப்பகல்ல திருடிகினு ரயில் ஏறிட்டான்!"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் மட்டும், "கோமாளி ஜோரா பண்றான்பா" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. விலா வலித்தது. பொய்யா நிஜமா என்று மூன்று நாள் ஓடி ஓடி விசாரித்தேனே, பொய் என்று கையில் பிடித்தேனே, அதைக் கடைசியில் நானே துரை வாயில் கொண்டுபோய் வைத்து நிஜமாக்கிக் கொடுத்துவிட்டேன்! வழி நெடுக நானும் ஏசுபாதமும் சிரித்துக்கொண்டே வந்தோம். சிரிக்கிறதும் பாவமோ என்று அவர் நடுநடுவே நின்று யோசித்தார்.

ஆனால் எல்லப்பன் சிரிக்கவில்லை. கம்பத்திலிருந்து இறங்கி எங்கள் கூடவே நடந்தான். கடைசியில் சொன்னான். "நாளைக்குக் கொட்டகையில யாரு சொன்னதுன்னு கேக்கட்டும்கா. எல்லப்பன் சொன்னதுன்னு சொல்றேன். என் சீட்டைக் கிழிச்சாலும் சரி."

"அடப்பாவி, இப்போதான் ஒருத்தரைக் காப்பாத்தினேன்!"

"நீ யாரைக் காப்பாத்தின? தொரை காப்பாத்தினாரு" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் மானேஜர் உத்தரவை ஏசுபாதம் வாசலில் நின்று படித்தார். குரல் மறுபடி கொசுவாகிவிட்டது, ஆனால் இந்தத் தடவை எல்லாரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். சீமைத் துரை சொன்ன வார்த்தைக்கு மரியாதையாக இனித் தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒவ்வொருத்தனும் கொட்டகையில் யார் சொன்னதால் அவிழ்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டுப் போகணும். துரை பேரைச் சொல்லாமல் தன் இஷ்டத்துக்கு மறுக்கிறவனின் சீட்டு அங்கேயே கிழிபடும். எதற்கு இந்தச் சடங்கு என்று ஏசுபாதத்தைத் தனியாகக் கேட்டேன். கூலிக்காரன் கேட்டுக் கம்பெனி கொடுத்தது என்று நாளைக்குப் பேச்சு வந்துவிடக் கூடாதாம். அதுதான்.

எனக்குப் பானையில் கை ஓடவில்லை. எல்லப்பனும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு அன்றைக்குக் காலையில் வந்துவிட்டான். கீழே போகும்போது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்குப் பெண்டாட்டி, இரண்டு சின்னக் குழந்தைகள், மூங்கில் தட்டி வைத்த லைன் வீடு. ஒரு பேருக்காக எல்லாவற்றையும் விட்டுவிடுவானா? விடுகிற ஆள்தான். கோமாளிக்கு ரோஷம் ஜாஸ்தி.

மத்தியானம் கேஜ் மேலே வந்தது. கொட்டகை வாசலில் டக்ளஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைக்காரர், அதாவது பாதி வெள்ளைக்காரர், சோதனைக் கொட்டகைக்குத் தலைமைக் காவலாளி. எங்கள் பாஷை எங்களைவிட நன்றாகப் பேசுவார். முதல் ஆளாக என் வீட்டுக்காரர் போய் நின்றார்.

"தலைப்பா?"

"அவுக்க மாட்டேன்."

"யாரு சொன்னது?"

"சீமைத் தொரை சொன்னாரு!"

"சரி. வாயைத் தொற. கோமணத்தைத் தளத்து."

என் வீட்டுக்காரர் திகைத்துப்போனார். "இன்னாங்க இது? தொரைதான் சொல்லிட்டாரே!"

"தொரை தலைப்பாவைப் பத்தித்தானேப்பா சொன்னாரு? கோமணத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே. ஊம், குனி."

சிவப்புத் தலைப்பாகை குலையாமல் தலையில் நிற்க, கோவணத்தைத் தளர்த்திக் குனிந்து நிமிர்ந்து என் வீட்டுக்காரர் ராஜநடை நடந்து வெளியே வந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. எனக்குச் சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது. பின்னால் ஒவ்வொருத்தனாக வந்தார்கள். 'தொரை சொன்னாரு, தொரை சொன்னாரு' என்று கொட்டகை முழுக்க ஒரே சத்தம்.

எல்லப்பன் முறை வந்தது. நான் பானையை விட்டுவிட்டு வாசல் வரைக்கும் போய்விட்டேன்.

"தலைப்பா?" என்றார் டக்ளஸ்.

"அவுக்கல."

"யாரு சொன்னது?"

பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். டக்ளஸ் அவன் சீட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். எல்லப்பன் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்றால் என்ன, கெஞ்சினேன். அந்த வசனத்துக்குச் சொந்தக்காரனை வாயைத் திறக்காதே என்று கெஞ்சினேன்.

எல்லப்பன் நெஞ்சை நிமிர்த்தினான், கையை வீசினான். கூத்து மேடையில் வருகிற அதே கணீர்க் குரலில், ஒரு பிசிறு இல்லாமல் சொன்னான்.

"சீமைத் தொரை சொன்னாரு!"

"அப்பாடா, போ. கோமணம்" என்றார் டக்ளஸ்.

வெளியே வந்து நேராக என் பானைக்கு முன்னால் உட்கார்ந்தான். ஒரு கலயம் நிறைய ஊற்றி, வெங்காயம் இரண்டு கூடவே வைத்தேன். காசு வாங்கக் கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன். அழப்போகிறான் என்றுதான் நினைத்தேன். முந்தானையைக்கூடத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் கூழைக் குடிக்காமல் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஆட்கள் வரிசையாகத் தலைப்பாகையோடு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள்.

"தப்புப் பண்ணிட்டேன்கா" என்றான்.

"நீ இன்னாடா தப்புப் பண்ணின? சரியாத்தான் சொன்ன."

"இப்போ சொன்னது இல்லக்கா. அன்னிக்குக் கூத்துல சொன்னது." கலயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "இப்படி ஆவும்னு தெரிஞ்சிருந்தா, கோமணத்தையும் சேத்துச் சொல்லியிருப்பேனே!"